நியூயார்க்கா, சிகாகோவா, லாஸ் ஏஞ்சலஸா: எந்தத் தீயணைப்புக் கம்பெனிக்கு வேலை அதிகம்?

குயின்ஸ்வாசி · ஞாயிறு இரவு 9:14

வணக்கம். போன வாரம் அரட்டை இழையில் "உலகத்திலேயே பிஸியான ஃபயர் ஸ்டேஷன் எது" என்று யாரோ கேட்கப் போய், ஆளுக்கொரு ஊரைச் சொல்லிச் சண்டை முற்றி, நிர்வாகி பூட்டுப் போட்டுவிட்டார். பேச வேண்டிய விஷயம்தான் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

புதியவர்களுக்கு: அமெரிக்கப் பெருநகரங்களில் நிலையத்தைவிடக் 'கம்பெனி'யைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு வண்டி, ஒரு அதிகாரி, அவருக்குக் கீழே நாலைந்து பேர், இதுதான் கம்பெனி. இன்ஜின் கம்பெனியின் வேலை தண்ணீர். ஹைட்ரன்டை, அதாவது தெருவோரத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஹோஸை உள்ளே இழுத்துப் போய்த் தீயை அணைப்பது. லேடர் கம்பெனி ஏணி போடும், கதவை உடைக்கும், கூரையைத் திறந்து புகையை வெளியே விடும், உள்ளே சிக்கியவர்களைத் தேடும். நியூயார்க்கில் ஏறக்குறைய 200 இன்ஜின், 140 சொச்சம் லேடர். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் வருஷக் கணக்கு தனித்தனி.

'ஃபயர்ஹவுஸ்' என்ற பத்திரிகை வருஷா வருஷம் ஊர் ஊராகக் கேட்டு, எந்த வண்டி எத்தனை தடவை வெளியே போனது என்று பட்டியல் போடும். அதை வைத்து இங்கே ஆட்கள் கிரிக்கெட் சராசரி மாதிரி வாதாடுவார்கள். நான் ஸ்கேனர் வைத்து ஃபயர் ரேடியோ கேட்கிற பைத்தியம், அந்த வேலையில் இருப்பவன் இல்லை. என் கட்சி எளிமையானது. ஓட்ட எண்ணிக்கை ஒன்றுதான் எல்லா ஊரும் ஒரே மாதிரி எண்ணக்கூடியது. அந்தக் கணக்கில் லாஸ் ஏஞ்சலஸில் வீடற்றவர்கள் நிறைந்த பேட்டையான ஸ்கிட் ரோவில் இருக்கும் 9-ஆம் நிலையத்துக்குத்தான் என் ஓட்டு. மறுப்பவர்கள் வரலாம்.


பழைய சைரன் · ஞாயிறு இரவு 10:02

தம்பி, நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லா ஊரும் ஒரே மாதிரி எண்ணும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பெல் அடித்து வண்டி கிளம்பினால் பதிவேட்டில் ஒரு வரி. குப்பைத் தொட்டியில் புகை என்று போய் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினாலும் ஒரு வரி. வீட்டுக்குள் பாம்பு என்றாலும் ஒரு வரி. பஞ்சுக் கிடங்கில் தீ என்று போய் மறுநாள் மத்தியானம் வரை பொதி பொதியாகப் புரட்டித் தண்ணீர் அடித்தாலும் அதே ஒரு வரிதான். பஞ்சுப் பொதி மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். கொக்கி போட்டுப் பிரித்தால்தான் சிவப்புத் தெரியும். அப்படி ஒரு மாதம் என் நிலையத்தின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. பக்கத்து நிலையத்துக்கு எங்களைப்போல இரண்டு மடங்கு. மாதாந்திரக் கூட்டத்தில் பாராட்டு அவர்களுக்கு, "உங்களிடம் ஆள் சும்மா இருக்கிறார்களா" என்ற கேள்வி எனக்கு. எந்த ஊர் என்பதை விட்டுவிடுவோம்.

2017 மே கடைசி நாளில் தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றி எரிந்ததே, ஒரு நாளுக்கு மேல் போராடினார்கள். அன்று போன ஒவ்வொரு வண்டிக்கும் உங்கள் பட்டியலில் எத்தனை மார்க் போடுவீர்கள்? ஒன்று.


சிகாகோ செவிலி · ஞாயிறு இரவு 10:40

ஐயா சொன்னதோடு இன்னொன்று. குயின்ஸ் அண்ணா, அந்த ஓட்டங்களில் தீ எத்தனை என்று பார்த்தீர்களா? அமெரிக்கா முழுக்கத் தீயணைப்புத் துறைகள் போகிற அழைப்புகளில் தீ ஏறக்குறைய 4 சதவீதம்தான். பாதிக்கு மேல் மருத்துவம். மூச்சுத் திணறல், மயக்கம், போதை மருந்து, படியில் விழுந்த பாட்டி.

நான் வேலை பார்க்கும் எமர்ஜென்சி வாசலில் இது தினமும் நடக்கும். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே பெரிய இன்ஜினும் வந்து நிற்கும். அதிலிருந்த பாராமெடிக் ஒருவர் நோயாளியின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறி வந்திருப்பார். அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகத்தான் மற்றவர்கள் இன்ஜினோடு காத்திருக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க அவர்கள் பேட்டையில் இன்ஜின் இல்லை. ஸ்கிட் ரோ நிலையத்தின் எண்ணிக்கையும் பெரும்பாலும் இந்த வகைதான். அது வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. கோடை இரவில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதையும், ஆறாவது மாடியில் தீயை அணைப்பதையும் ஒரே பத்தியில் கூட்டினால் வரும் எண் எதைச் சொல்கிறது?


குயின்ஸ்வாசி · ஞாயிறு இரவு 11:05

சரி, மருத்துவத்தைத் தனியாக வைப்போம். நியூயார்க்கில் 1990-களின் நடுவில் இன்ஜின்களை முதலுதவி அழைப்புகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். 1996-இல் ஆம்புலன்ஸ் துறையே தீயணைப்போடு இணைந்தது. லேடர்கள் பெரும்பாலும் அதற்குப் போவதில்லை. அதனால் ஒரே நிலையத்தில் இன்ஜினின் எண்ணிக்கை எகிறும், பக்கத்தில் நிற்கும் லேடர் பின்தங்கும். லேடர்காரன் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே இருக்கிறவர்களே 'ரன்' என்றும் 'ஒர்க்கர்' என்றும் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒர்க்கர் என்றால் போய் உண்மையிலேயே வேலை செய்த அழைப்பு. ரேடியோவில் '10-75' என்று ஒரு குரல் வந்தால் நிஜத் தீ. கூடுதல் வண்டிகள் தானாகக் கிளம்பும். '10-92' என்றால் வேண்டுமென்றே கொடுத்த பொய் அழைப்பு. நான் இரவில் காத்துக்கொண்டிருப்பது அந்த 10-75-க்குத்தான் (வீட்டில் இதற்கு எனக்கு நல்ல பெயர் கிடையாது).


தேவகோட்டையான் · திங்கள் காலை 7:20

எங்க ஊர்ல வண்டி வர்றதுக்குள்ள நாங்களே அணைச்சிருவோம். அந்த ஒர்க்கர் யாரு கணக்குல?


கணக்கன் · திங்கள் காலை 8:31

தேவகோட்டையாரே, சிரிப்புக்குச் சொன்னாலும் அது சரியான கேள்வி. பின்னால் வருகிறேன்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (வேலைகளைக் கணக்குப் போட்டுத் திட்டமிடும் துறை) படிக்கிறவன் என்பதால் இந்த விஷயம் எனக்குச் சோறு போடுகிற விஷயம். வேலைப் பளுவை அளக்க ஓட்ட எண்ணிக்கையைவிட நல்ல அளவு, ஒரு வண்டி எத்தனை மணி நேரம் 'மாட்டிக்கொண்டிருக்கிறது' என்பது. உதாரணத்துக்கு, ஒரு ஷிஃப்டில் இரண்டு கம்பெனிக்கும் பத்துப் பத்து அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சராசரி 12 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம். இன்னொன்றுக்கு 40 நிமிடம், மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் குறைவு. பட்டியலில் இரண்டும் சமம். அந்த நேரம் முழுக்க, இரண்டாவது கம்பெனியின் பேட்டையில் வீடு எரிந்தால் வேறு எங்கிருந்தோ வண்டி வர வேண்டும்.

ஆனால் இந்தத் துறையில் எண்ணை நம்பி அடி வாங்கிய பெரிய கதை உங்கள் நியூயார்க்கிலேயே இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.


குயின்ஸ்வாசி · திங்கள் காலை 8:50

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தென்பக்கம், சவுத் பிராங்க்ஸ்தானே? சொல்லுங்கள். 'யுத்த வருஷங்கள்' என்று இங்கே கிழவர்கள் சொல்லும் காலம், 1960-களின் கடைசியிலிருந்து 70-களின் கடைசி வரை. இன்டர்வேல் அவென்யூவில் இன்ஜின் 82, லேடர் 31. மாதம் 700 ஓட்டம் என்று சொல்வார்கள். பாரம் தாங்காமல் 1967-இல் அதே கட்டடத்தில் இன்ஜின் 85 என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். மாலை மூன்று மணியிலிருந்து பின்னிரவு வரை மட்டும் ஓடும் சிறப்பு வண்டிகளும் வந்தன. அந்த நேரத்தில்தான் அழைப்பு குவியும்.

அப்புறம் ஒரு வேடிக்கையான ஏற்பாடு. ஓய்ந்து கிடக்கும் மன்ஹாட்டன் கம்பெனியை மாலையில் பிராங்க்ஸுக்கு அனுப்பி, அங்கே நொந்துபோன கம்பெனியை மன்ஹாட்டனில் போய் உட்கார வைப்பார்கள். வேலையைப் பங்கு போடுவதற்கு அதைவிட நேரடியான வழி வேறு இல்லை.


கணக்கன் · திங்கள் மதியம் 1:17

ஆமாம். இனி எண்ணின் கதை.

அழைப்பு பெருகுகிறது, தீயணைப்பு வீரர் சங்கம் கூடுதல் ஆள் கேட்கிறது, நகரத்திடம் பணம் இல்லை. மேயர் ஜான் லிண்ட்சே காலத்தில் ராண்ட் நிறுவனத்தை அழைத்தார்கள். ராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள். 1969-இல் நியூயார்க் நகர-ராண்ட் நிறுவனம் என்றே ஒன்று ஆரம்பித்தார்கள். அங்கே இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒரு பகுதியில் சராசரியாக வண்டி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது, பரப்பளவை அங்கே ஓய்வாக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று காட்டினார்கள். இன்றைக்கும் பாடத்தில் இருக்கும் விதி. வண்டிகளில் ஸ்டாப்வாட்ச் கொடுத்துப் பயண நேரத்தை அளந்தார்கள். மிக அருகில் இருக்கும் வண்டியையே எப்போதும் அனுப்புவது எப்போதும் சிறந்ததல்ல, எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் வேலைப் பளுவும் சமமாகும், சராசரி நேரமும் குறையும் என்று 1972-இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். இப்போதும் எனக்கு அழகான கட்டுரைதான்.

ஆனால் தீயணைப்பின் பலனை அளக்க அவர்கள் கையில் எடுத்தது பயண நேரம். ஏன்? அளக்க முடிந்தது அதுதான். தீ எவ்வளவு பரவியது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதையெல்லாம் கணித மாதிரியில் அடைக்க முடியவில்லை. பயண நேரத்தை வைத்துப் பார்த்தால் எங்கே வண்டிகள் நெருக்கமாக நிற்கின்றனவோ அங்கே ஒன்றை எடுத்தால் சில விநாடிதான் கூடும். வண்டிகள் நெருக்கமாக நின்ற இடம் எது? அடர்த்தியான, பழைய, ஏழைப் பேட்டைகள். எரிந்துகொண்டிருந்த பேட்டைகள். அங்கே நெருக்கமாக நின்றதற்குக் காரணமே அவ்வளவு தீ என்பதுதான். விமர்சகர்கள் சொல்லும் இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நிலையத்தில் வண்டி இருக்கும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு, இரவு எட்டு மணிக்கு ஒரு வண்டியும் நிலையத்தில் இல்லாத சவுத் பிராங்க்ஸுக்குப் பொருந்தாது.

1972-இல் சில கம்பெனிகள் மூடப்பட்டன. 1975-இல் நகரமே திவாலாகும் நிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். பிறகு பலரைத் திரும்ப எடுத்தது வேறு கதை. 1970-க்கும் 80-க்கும் இடையில் பிராங்க்ஸில் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன, தீயாலும் கைவிடப்பட்டதாலும். கம்பெனிகளை மூடியதால் மட்டும் பிராங்க்ஸ் எரியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்கள், காப்பீட்டுப் பணம், வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தது என்று நிறைய உண்டு. ஆனால் எரிகிற இடத்திலிருந்து வண்டியை எடுக்க ஒரு அழகான சூத்திரம் கையில் கிடைத்தது.


பழைய சைரன் · திங்கள் மாலை 6:45

அளக்க முடிந்ததை அளந்தார்கள் என்றீர்களே தம்பி, அது எங்கும் நடக்கிறது. தணிக்கைக்கு வருகிறவருக்குப் பெல் அடித்த நேரமும் வண்டி கிளம்பிய நேரமும் வேண்டும். தண்ணீர் தீர்ந்து, குடிநீர் வாரிய லாரி வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்துக்குக் கட்டம் கிடையாது.


லூயிஷம் தம்பி · திங்கள் இரவு 8:10

லண்டனிலும் இதே கதைதான் நடந்தது. 2014 ஜனவரி 9-ஆம் திகதி ஒரே நாளில் பத்து நிலையங்களை மூடினார்கள், பொரிஸ் ஜோன்சன் மேயராக இருந்த காலம். எங்கட பக்கத்து டவுன்ஹாம் நிலையமும் அதில் ஒன்று. கிளார்க்கன்வெல் நிலையம் 1872-இல் இருந்து இருந்தது, அதுவும் போய்விட்டது.

அரசாங்கத்தின் வாதம் என்னவென்றால், முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்துக்குள், இரண்டாவது 8 நிமிடத்துக்குள் என்ற இலக்கு லண்டன் முழுக்க இன்னும் நிறைவேறுகிறது. உண்மைதான், நிறைவேறியது. ஆனால் சராசரி என்பது முழு நகரத்துக்கு. மூடின இடத்தில் இருக்கிற சில வட்டாரங்களில் 6 நிமிடத்தைத் தாண்டினது. நகரத்தின் நடுவில் விநாடிக் கணக்கில் வருகிற வண்டி, எங்கட வட்டாரத்தின் தாமதத்தை மறைத்துவிடும். வீடு எரிகிற ஆளுக்கு நகரச் சராசரி எதற்கு?

வேலைப் பளு பற்றிக் கதைக்கிறதென்றால் இன்னொன்று. ஓட்டோமேட்டிக் அலாரம் அடித்தால் போய்ப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்புவதே லண்டனில் பெரிய வேலையாக இருந்தது. 2024 ஒக்டோபரில் இருந்து பெரும்பாலான வணிகக் கட்டடங்களுக்குப் பகலில், காலை 7-இலிருந்து இரவு 8:30 வரை, யாராவது போன் எடுத்துத் தீ என்று சொன்னால் ஒழிய வெறும் அலாரத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். இப்போ குயின்ஸ் அண்ணையின் பட்டியலில் லண்டன் கீழே இறங்கும். வேலை குறைந்ததா, வீண் ஓட்டம் குறைந்ததா?


குயின்ஸ்வாசி · திங்கள் இரவு 9:30

நல்ல அடி. ஆனாலும் ஓட்டக் கணக்கை நான் கைவிடவில்லை, ஏனென்றால் மூடப் போகிறவர்களை எதிர்க்கவும் மக்களிடம் இருப்பது அந்த எண்தான்.

புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்கில் இன்ஜின் 212 என்று ஒரு கம்பெனி. 1975-இல் பணமுடையில் மூட உத்தரவு வந்தது. அந்தப் பேட்டையில் பெரும்பாலும் போலந்துக்காரத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் நிலையத்துக்குள் புகுந்து, வண்டியை வெளியே எடுக்க விடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக உள்ளேயே சமைத்து, உள்ளேயே தூங்கி. கடைசியில் நகரம் பணிந்து கம்பெனியைத் திரும்பத் திறந்தது. 'மக்கள் ஃபயர்ஹவுஸ்' என்றே பெயர் வந்தது. 2003-இல் மேயர் ப்ளூம்பெர்க் ஆறு இன்ஜின் கம்பெனிகளை மூடியபோது அதே 212-ம் அதில் போனது. அப்போது நகரம் சொன்ன காரணங்களில் வேலை குறைவு என்பதும் ஒன்று. 2011-இல் இன்னும் இருபது கம்பெனி என்று ஆரம்பித்தார்கள், எதிர்ப்பில் அது நடக்கவில்லை.


மிச்சிகன் மாப்பிள்ளை · செவ்வாய் காலை 6:55

டெட்ராய்ட்டை யாரும் சொல்லவில்லையே. 1984-இல் ஹாலோவீன் சமயத்து மூன்று நாளில் மட்டும் 800-க்கு மேல் தீ. ஆளில்லாத வீடுகள் ஊரெங்கும். 2013-இல் நகரம் திவால் மனு போட்டது.

அங்கே நிலையங்களில் அழைப்பு எப்படி வந்தது தெரியுமா? ஃபேக்ஸில். பேப்பர் வருவது காதில் விழாது என்பதற்காக, ஃபேக்ஸ் மெஷின் ஓரத்தில் ஒரு சோடா கேனில் சில்லறையும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தி வைப்பார்கள். பேப்பர் வெளியே வந்து கேனைத் தள்ளும், கேன் கீழே விழுந்து சத்தம் போடும், ஆட்கள் ஓடுவார்கள். 2014-இல் உள்ளூர் பத்திரிகை எழுதி ஊர் சிரித்த பிறகுதான் புது ஏற்பாட்டுக்குப் பணம் தேடினார்கள். அதே ஆட்கள் ஒரு இரவில் அணைக்கிற தீ, வேறு ஊரில் ஒரு மாதத்துக்குக் காணும். செயல்திறன் பட்டியலில் இவர்களை எங்கே வைப்பீர்கள்?


சிகாகோ செவிலி · செவ்வாய் காலை 9:12

அந்தக் கேன் கதை படித்து டீயைத் துப்பிவிட்டேன்.

ஆளில்லாத வீடு என்றதும் பால்டிமோர் ஞாபகம் வருகிறது. 2022 ஜனவரியில் ஒரு காலி வீட்டில் தீ அணைக்கப் போன மூன்று வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். எண்ணிக்கையில் அதுவும் 'ஒரு கட்டடத் தீ'.


கணக்கன் · செவ்வாய் மதியம் 12:40

இந்த 'எத்தனை நிமிடத்தில் வந்தார்கள்' என்ற விஷயத்தில் நடக்கும் கைவேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் தேசியத் தரம் ஒன்று உண்டு, 1710 என்று எண் சொல்வார்கள். தீ என்றால் உடை மாட்டிக் கிளம்ப 80 விநாடி, முதல் இன்ஜின் ஓடிச் சேர 240 விநாடி, நூற்றுக்குத் தொண்ணூறு தடவை. கேட்க நன்றாக இருக்கிறது. கடிகாரத்தை யார், எப்போது தட்டுகிறார்கள்?

நியூயார்க்கில் 2009-இல் அழைப்பை வாங்கும் முறையை மாற்றினார்கள். போலீஸ் ஆபரேட்டரே தீ விவரத்தையும் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார். அதன்பின் தீயணைப்பின் சராசரி நேரம் 4 நிமிடத்தை ஒட்டி இறங்கியது, நகரம் பெருமையாக அறிவித்தது. ஆனால் அந்த ஆபரேட்டரிடம் கழிந்த நேரம் கணக்கில் இல்லை. சங்கம் கத்தியது, நகர மன்றம் கேட்டது, கடைசியில் போனை எடுத்த நொடியிலிருந்து எண்ண வேண்டும் என்று 2013-இல் ஒரு உள்ளூர்ச் சட்டமே போட வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் இன்னும் நேரடி. தரம் ஐந்து நிமிடம் என்கிறபோது ஆறு நிமிடத்தை வைத்துச் சதவீதம் போட்டு வெளியிட்டிருந்தார்கள், 2012-இல் துறையே அதை ஒத்துக்கொண்டது. வண்டி ஒரு அங்குலம்கூட வேகமாக ஓடவில்லை, எண் மட்டும் ஓடியது.


தேக்காக்காரன் · செவ்வாய் இரவு 7:25

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் எஸ்.சி.டி.எஃப். (தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை) தீக்கு 8 நிமிடம் என்று இலக்கு வைத்திருக்கிறது. நியூயார்க்கின் நாலு நிமிடத்துக்கு முன்னால் அது கேலியாகத் தெரியலாம். ஆனால் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கும் ஊரில் வருஷத்துக்கு மொத்தத் தீ 2,000-ஐத் தாண்டாத வருஷங்கள் உண்டு. அதிலும் நிறைய குப்பைக் குழாய்த் தீ, அடுப்பில் மறந்த சட்டி. வீடமைப்புக் கழகக் கட்டடங்கள் கான்கிரீட், ஒரு வீட்டில் தீ பிடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போவது அரிது. தேவகோட்டை அண்ணன் கேட்ட கேள்வியும் இங்கே பொருந்தும். சின்னத் தீயை ஆட்களே அணைக்கட்டும் என்று குடியிருப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆப் வைத்து அருகில் இருப்பவர்களை அழைக்கிறார்கள். சின்ன வண்டி ஒன்று முன்னால் ஓடும், 'ரெட் ரைனோ' என்று பெயர். நெருக்கமான பார்க்கிங்கில்கூட நுழையும்.

ஓட்டப் பட்டியலில் எங்கள் நிலையங்கள் எங்கேயோ கீழே கிடக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.


கணக்கன் · செவ்வாய் இரவு 8:00

நியூயார்க்கும் அந்தத் திசையில்தான் போயிருக்கிறது. 1970-இல் தீயில் இறந்த பொதுமக்கள் 310. 2012-இல் 58. இடையில் வண்டிகள் ஐந்து மடங்கு வேகமாக ஓடவில்லை. புகை அலாரம், தீ பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், கட்டட விதி, காலி வீடுகள் குறைந்தது, சிகரெட் குறைந்தது. கம்பெனிகளின் செயல்திறன் என்று இதில் எவ்வளவு பிரித்தெடுப்பது?

எதிர்த்திசையிலும் உதாரணம் இருக்கிறது. 2022 ஜனவரி 9, பிராங்க்ஸில் ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் கட்டடம். மின்சார ஹீட்டரால் தீ. முதல் வண்டிகள் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டன. எந்தப் பட்டியலிலும் முதல் மார்க் வாங்கும் நேரம். 17 பேர் இறந்தார்கள். தீ பிடித்த வீட்டின் கதவு தானாக மூடவில்லை, புகை படிக்கட்டு வழியே மேலே ஏறிவிட்டது.


பழைய சைரன் · செவ்வாய் இரவு 9:48

கதவு. நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்.

நேரம் பற்றியே பேசுகிறோம், ஆள் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வண்டி வந்து நிற்பது ஆரம்பம்தான். குயின்ஸ் தம்பி, நியூயார்க்கில் அந்த லிஃப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடங்களில் ஹோஸை எப்படி மேலே கொண்டு போகிறார்கள்? நாங்கள் இங்கே மாடி ஏறும்போது ஹோஸ் வளைவுகளில் மடங்கி, மேலே நாசில் பிடித்தவன் தண்ணீர் இல்லாமல் கத்திக்கொண்டு நிற்பான். ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே ஓடி ஓடி மடிப்பை எடுக்க வேண்டும். வண்டியில் மூன்று பேர் வந்தால் யார் எடுப்பது?


குயின்ஸ்வாசி · செவ்வாய் இரவு 10:20

ஐயா, இங்கே ஒரு துண்டு 50 அடி. மாடிக்கு ஒரு துண்டு, எரியும் வீட்டுக்குள் ஒரு துண்டு என்று மனக்கணக்குப் போட்டுத் தோளில் அள்ளிக்கொண்டு ஏறுவார்கள். படிக்கட்டுகளுக்கு நடுவில் கிணறு மாதிரி இடைவெளி இருந்தால் அதன் வழியே நேராகத் தூக்கிவிடுவார்கள், துண்டு மிச்சம். நாசில் பிடிப்பவர், அவருக்குப் பின்னால் ஒருவர், வாசலில் மடிப்பை எடுக்க ஒருவர், கீழே எத்தனை துண்டு என்று பார்க்க ஒருவர், வண்டியில் டிரைவர். இரண்டாவதாக வரும் இன்ஜினின் ஆட்களும் தனி ஹோஸ் லைன் எடுக்காமல் முதல் லைனிலேயே கைகொடுப்பார்கள். இன்ஜினில் நாலு பேரா ஐந்து பேரா என்பதற்கு நகரமும் சங்கமும் பல வருஷமாக மல்லுக்கட்டுகின்றன. 2011-இல் அந்த ஐந்தாவது ஆளை எடுத்துவிட்டார்கள், பின்னர் சில கம்பெனிகளுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தார்கள்.


சிகாகோ செவிலி · செவ்வாய் இரவு 10:41

எங்கள் ஊரில் 1980-இல் இதே மாதிரி பிரச்சினைகளுக்காகத் தீயணைப்பு வீரர்கள் பிப்ரவரிக் குளிரில் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தமே செய்தார்கள், மேயர் ஜேன் பர்ன் காலத்தில். வண்டிக்கு ஐந்து பேர் என்பதை ஒப்பந்தத்தில் இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு லேடர் கம்பெனிக்காரர் சம்பளத்தைப் பற்றிக்கூட இவ்வளவு சூடாகப் பேச மாட்டார்.


கணக்கன் · புதன் காலை 7:58

அதற்கு அளந்த ஆதாரமே உண்டு. 2010-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம், நிஸ்ட், ஒரு மாதிரி வீட்டைக் கட்டி உண்மைக் குழுக்களை வைத்துச் சோதித்தது. ஏணி போடுவது, தேடுவது, தண்ணீர் விடுவது என்று 22 வேலைகள். வண்டிக்கு நாலு பேர் இருந்தபோது, மூன்று பேர் குழுவைவிட ஐந்து நிமிடம் முன்னதாக முடித்தார்கள். இரண்டு பேர் குழுவைவிட ஏழு நிமிடம். அதுவும் சாதாரணத் தனி வீட்டில். ஐயா சொன்ன ஆறு மாடியில் இல்லை.

வண்டி முப்பது விநாடி தாமதமாக வருவதற்கு ஊரே கூச்சல் போடுகிறது. ஒரு ஆளைக் குறைத்தால் உள்ளே போகும் ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.


மிச்சிகன் மாப்பிள்ளை · புதன் காலை 8:30

அப்போ பட்டியலே வேண்டாம் என்கிறீர்களா?


குயின்ஸ்வாசி · புதன் இரவு 9:05

வேண்டும். பொழுதுபோக்குக்காவது வேண்டும், எனக்கு வேறு என்ன இருக்கிறது. நான் வைத்திருக்கும் எக்செல்லில் பத்திகளை மாற்றப் போகிறேன். மருத்துவ ஓட்டம் தனி, வெறும் அலாரம் தனி, நிஜத் தீ தனி. ஒவ்வொன்றிலும் வண்டி மாட்டியிருந்த மணி நேரம். வண்டியில் ஆள் எத்தனை. பேட்டையின் கட்டட வகை. இன்ஜினை இன்ஜினோடு, லேடரை லேடரோடு மட்டும் ஒப்பிடுவேன், பிராங்க்ஸை லாஸ் ஏஞ்சலஸ் மலைப்பக்கத்தோடு ஒப்பிட மாட்டேன். அங்கே 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் எரிந்தபோது வந்த வேலைக்கு எங்கள் ஊரில் பத்தியே கிடையாது. ஸ்கிட் ரோ நிலையத்துக்கு மருத்துவப் பத்தியில் என் ஓட்டு அப்படியே இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். இங்கே இப்போது மின்சைக்கிள் பேட்டரித் தீ பெரிய தலைவலி. 2023-இல் மட்டும் 268 தீ, 18 சாவு. பேட்டரி அணைந்த பிறகும் திரும்பத் திரும்பப் பிடிக்கும் என்பதால் வண்டி அங்கேயே கிடக்கிறது. ஐயா, உங்கள் பஞ்சுப் பொதி மாதிரியான இந்தக் காவல் நேரத்தை வேலையாக எண்ணுவதா, காத்திருப்பாக எண்ணுவதா?


பழைய சைரன் · புதன் இரவு 9:33

ஹோஸில் தண்ணீர் ஏற்றி, ஆள் நாசிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேலை. ஹோஸைச் சுருட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்து டீ குடித்தால் காத்திருப்பு. நாங்கள் அந்தக் கணக்கில்தான் படிப்பணம் கேட்டோம். கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.